கோவணமும் தட்டும்

6

ஆனைக்குழி எஸ்டேட்டுக்குள் நுழைவது சுலபம், வெளியே வருவதுதான் கஷ்டம் என்பது எங்களுக்குக் காலை ஒன்பது மணிக்கே தெரிந்துவிட்டது. எங்களை இறக்கிவிட்ட வாடகை ஜீப் திரும்பிப் போன கால் மணி நேரத்தில், சக்குபள்ளத்துக்கு இந்தப் பக்கம் மலைச்சரிவு மொத்தமாக இறங்கி ரோட்டின்மேல் உட்கார்ந்துகொண்டது. எஸ்டேட் வாட்ச்மேன் கேட்டில் சங்கிலியைச் சுற்றிப் பூட்டினான். ஆகஸ்ட் மழை விடாமல் பதினைந்தாவது நாளாகக் கொட்டிக்கொண்டிருந்தது. எஸ்டேட் திருட்டுப் புகாரை விசாரிக்கக் குமுளியிலிருந்து போலீஸ் ஜீப் வர வேண்டுமென்றால் மண்ணை வெட்டி அள்ள வேண்டும். மதியம் இரண்டு மணி ஆகும் என்றார்கள்.

"அண்ணே, திருடனைப் பிடிக்க வந்த நம்மளையே பூட்டிப்புட்டாங்களே," என்றேன்.

"இன்னும் பூட்டுலடா சுருளி. கேட்டைத்தான் பூட்டியிருக்கறான்," என்றார் ஈஸ்வரமூர்த்தி.

ஈஸ்வரமூர்த்தி பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னையும் நெல்லுமாக இருபது ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. எர்ணாகுளத்தில் சட்டம் படிக்கப் போனவர், மற்ற எல்லாப் பேப்பரிலும் கோட்டை விட்டு, ரோமாபுரிச் சட்டம் என்ற ஒரே பேப்பரில் மட்டும் முதலாவதாக வந்தார். ரோமாபுரியில் கோர்ட்டை மூடி ஆயிரத்தைந்நூறு வருஷம் ஆகிவிட்டதால் அங்கே போய் வக்கீல் தொழில் பார்க்க முடியவில்லை. அதனால் துப்பறிகிறார். நான் சுருளிவேல், கம்பத்துக்காரன், அவருக்கு உதவியாளன். மூளை சம்பந்தப்பட்டதை அவர் பார்த்துக்கொள்கிறார், வாய் சம்பந்தப்பட்டதை நான் பார்த்துக்கொள்கிறேன். அன்றைக்கு அந்த வாயால்தான் வினை வந்தது.

எங்களை அனுப்பியவர் பீர்மேட்டு வக்கீல் ஒருவர். அவருடைய கட்சிக்காரி சாந்தம்மாள் ஒரு விதவை. இந்த எஸ்டேட்டை ஒட்டி மூன்று ஏக்கர் வைத்திருப்பவள். ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் எல்லையில் நின்ற சர்வேக் கல் எழுபது அடி தள்ளி நிற்கிறது. அவளுடைய ஒரு ஏக்கர் எஸ்டேட்டுக்குள் போய்விட்டது. கல் தானாக நடக்காது. அது நகர்த்தப்பட்டதைச் சொல்ல ஒரே ஒரு சாட்சிதான். அதே எஸ்டேட்டில் ஏலக்காய் பறிக்கும் குருவம்மாள். நாளைக்குக் காலை பதினொரு மணிக்கு அவள் பீர்மேடு கோர்ட்டில் கூண்டேற வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டு அரிசிப் பானைக்குள் எஸ்டேட் ஏலக்காய் ஒரு பொட்டலம் கிடைத்தது. அன்றிலிருந்து மூன்று நாளாக அவள் பிரட்டு ஆபீசில், காலையில் ஆள் பேர் கூப்பிடும் அந்தத் தகர அறையில், அடைபட்டுக் கிடக்கிறாள்.

ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள். நாற்பது வயதிருக்கும். மூன்று நாள் ஈரத்தில் சேலை உடம்போடு ஒட்டியிருந்தது.

"ஏனுங்கம்மா, ஊட்டைச் சோதனை போட்டது யாருங்க?" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"கண்டக்டருதாங்கய்யா."

எஸ்டேட்டில் கண்டக்டர் என்றால் பஸ்ஸில் சீட்டுக் கிழிப்பவர் அல்ல. மேனேஜருக்கு அடுத்தபடி. இந்த எஸ்டேட்டில் மேனேஜரும் கிடையாது, முதலாளி போடியில் இருக்கிறார், மாதம் ஒருமுறை வருவார். ஆகவே ஸ்டோர் சாவியும் ஆளை அடைக்கும் சாவியும் கண்டக்டர் செல்லத்துரையின் இடுப்பில்.

"கூட ஆரு வந்தாங்க?"

"வாட்ச்மேனும் பங்களாச் சமையல்காரரும். ரெண்டு பேரையும் சாட்சிக்குன்னு கூட்டியாந்தாக. அவுக வாசல்லயே நின்னுட்டாக. கண்டக்டரு மட்டும் கம்பளியைப் போத்திக்கிட்டு உள்ள போனாக."

"கம்பளியைக் கழட்டுலீங்களா?"

"இந்த மழையில யாருய்யா கழட்டுவாக?"

"ரோமாபுரியில கழட்டுவாங்க," என்றார் அவர். குருவம்மாள் என்னைப் பார்த்தாள். நான் கண்ணால், அதை விட்டுத் தள்ளு தாயி என்றேன்.

"பொட்டலத்தைப் பானையில இருந்து எடுக்கையில நீங்க எங்க நின்னீங்க?"

"வாசல்லதான். கையை விட்டு எடுத்தாக, கிலுகிலுன்னு சத்தம் கேட்டுச்சு. எம் பானைக்குள்ள என்னத்த கிலுகிலுங்குதுன்னு நெனச்சேன். வெளிய கொண்டாந்து பிரிச்சா ஏலக்கா." அவள் குரல் அதோடு இறங்கிவிட்டது. "வேலைக்காரி மொதலாளி பொருளை எடுத்தா ஏழு வருசமாமே. கல்லைப் பத்தி ஒண்ணுந் தெரியாதுன்னு கோர்ட்டுல சொல்லிட்டா கேஸை விட்டுடுறேங்காக."

ஏழு வருஷம் என்பது பொய்யில்லை. பீனல் கோடு முந்நூற்று எண்பத்தொன்று. ஈஸ்வரமூர்த்தி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாளைக்குக் கோர்ட்டுல என்ன சொல்லுவீங்கம்மா?"

அவள் கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு உள்ளே இருட்டுக்குள் போய்விட்டாள். எனக்குப் பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. உனக்காகத்தானே வந்திருக்கிறோம், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று நினைத்தேன்.

லைன் வீட்டில் அவளுடையது கடைசி அறை. கதவைத் தள்ளிக்கொண்டு போனோம். ஓடு மூன்று இடத்தில் ஒழுகியது. பீடி பற்ற வைக்கலாமென்று மாடத்திலிருந்த அவள் தீப்பெட்டியை எடுத்து உரசினேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றும் மருந்து உதிர்ந்து செத்தன. ஈஸ்வரமூர்த்தி அடுப்புக்கு மேலே பலகையில் இருந்த உப்புச் சாடிக்குள் விரலை விட்டு வெளியே எடுத்தார். விரல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"சுருளி, வக்கீல் காட்டுன புகார் நகல்ல ஏலக்காய் எப்பத் திருடு போச்சுன்னு எழுதியிருக்கறான்?"

"முந்தின ஞாயிறு. சோதனை அதுக்கடுத்த ஞாயிறு. பொட்டலம் ஏழு நாள் பானைக்குள்ள கெடந்துச்சாம்."

"அடுப்புக்கு மேல வெச்ச உப்பே தண்ணியாப் போயிருக்குது. இந்த ஊட்டுல ஏழு நாளு துணியில கட்டி வெச்ச ஏலக்காய் கிலுகிலுங்குமாடா?"

நான் கம்பத்துக்காரன், ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவில் வளர்ந்தவன். நன்றாகக் காய்ந்த காயில்தான் உள்ளே விதை தனியாகக் கழன்று சத்தம் போடும். ஈரக் காற்று பட்டால் இரண்டே நாளில் தோல் தொய்ந்து அவித்த கடலை மாதிரி ஆகிவிடும். கிலுகிலுத்தது என்றால் அன்று காலையில்தான் ஸ்டோரிலிருந்து அது புறப்பட்டிருக்கிறது. கம்பளிக்குள் பயணம்.

"அண்ணே, பிடிச்சுட்டீக!" என்று குதித்தேன்.

"வாயை மூடிட்டு வா. பொட்டலம் இன்னும் அவன் கைலதான் இருக்குது."

இதைச் சொன்னபோது மணி பத்தரை. என் வாய் இருபது நிமிஷம்தான் மூடியிருந்தது.

ஏலக்காய் ஸ்டோர் கல் கட்டடம். முன்னால் தாழ்வாரம், பக்கத்தில் அடுப்புச் சூட்டில் எப்போதும் உலர்ந்திருக்கும் சின்ன ஆபீஸ் அறை, பின்னால் காய் உலர்த்தும் பெரிய அறை. வெளியே அடுப்பில் கட்டை எரியும். சூடு இரும்புக் குழாய் வழியாக அறைக்குள் போய் வளைந்து வளைந்து ஓடும். குழாய்க்கு மேலே வரிசை வரிசையாகக் கம்பிவலைத் தட்டுகளில் காய் பரப்பியிருக்கும்.

செல்லத்துரை வாசலுக்கே வந்து வரவேற்றார். ஐம்பது வயது, வெள்ளை அரைக்கைச் சட்டை, காதில் பென்சில். "வாங்க சார், வாங்க. இப்படி நனைஞ்சு வந்திருக்கீங்களே. கோட்டை ஆணியில மாட்டுங்க."

நான் என் மிலிட்டரி ஓவர்கோட்டைக் கழற்றித் தாழ்வாரத்து ஆணியில் மாட்டினேன். பழைய சாமான் கடையில் வாங்கியது. நனைந்தால் ஒரு ஆட்டுக்குட்டி கனம் கனக்கும்.

கேட்டதும் காட்டினார். ஒளிவு மறைவே இல்லை. மகஸர், அதாவது சோதனைப் பதிவு, என்று தலைப்பிட்டு, வாட்ச்மேனும் சமையல்காரரும் கைரேகை வைத்த காகிதம். இந்த ஏப்ரலில் அமலுக்கு வந்த புதுக் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் நூறாம் பிரிவு என்றுகூட எழுதியிருந்தார். முத்து முத்தான கையெழுத்து. அடியில்: "துணி நீக்கி நிகர எடை நானூற்று முப்பது கிராம்." அப்புறம் மரப்பெட்டியைத் திறந்து பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். நீலக் கரை போட்ட வேட்டித் துணியில் கட்டியிருந்தது.

ஈஸ்வரமூர்த்தி அதை எடுத்துக் காதருகே லேசாக ஆட்டினார். கிலுகிலு.

அவர் ஒன்றும் பேசாமல் கீழே வைத்தார். அத்தோடு நானும் ஒன்றும் பேசாமல் இருந்திருந்தால் இந்த அத்தியாயம் இங்கேயே முடிந்திருக்கும்.

"என்ன கண்டக்டரே, குருவம்மா வீட்டுல உப்புகூடத் தண்ணியாப் போச்சு, உங்க ஏலக்கா மட்டும் ஏழு நாளு விறைப்பா நின்னுருக்கே. ரோசக்காரக் காய்தான்," என்றேன்.

ஈஸ்வரமூர்த்தி என் காலை மிதித்தார். மிதித்தபோது காலம் கடந்துவிட்டது.

செல்லத்துரை காதிலிருந்த பென்சிலை எடுத்தார், திரும்பக் காதிலேயே வைத்தார். பிறகு சிரித்தார். "நல்லாப் பேசுறீங்க தம்பி. இருங்க, கட்டஞ்சாயா போடச் சொல்றேன். பெட்டியையும் பத்திரமா உள்ள வச்சிட்டு வாரேன்." பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

திரும்பி வரப் பத்து நிமிஷம் ஆயிற்று. ஒரு கையில் இரண்டு டம்ளர் சாயா, இன்னொரு தோளில் என் ஓவர்கோட்டு. "இது இங்க தொங்குனா நாளைக்கும் காயாது சார். உலர்த்துற ரூம்ல மாட்டுங்க, அரை மணியில காஞ்சிரும். அப்படியே எந்தத் தட்டுல காய் குறைஞ்சுச்சுன்னும் காட்டிடுறேன்."

சாயாவைக் குடித்துவிட்டு நாங்கள் முன்னால் போனோம். அவர் பின்னால் வந்தார். அறைக்குள் காலை வைத்து நான் கோட்டைச் சுவரில் மாட்டித் திரும்புகிறேன், கதவு சாத்திக்கொண்டது. வெளியே இரும்புத் தாழ் விழுந்தது. பூட்டு திரும்பியது. அதன்பின் அடுப்பில் கட்டைகளைத் தூக்கிப் போடும் சத்தம். ஒன்று, இரண்டு என்று எட்டு வரைக்கும் எண்ணினேன்.

"இப்பப் பூட்டிட்டான்," என்றார் ஈஸ்வரமூர்த்தி.

கதவை உதைத்தோம். கத்தினோம். வேலையாட்கள் எல்லாரும் மலைக்கு மேலே காய் பறிக்கிற இடத்தில் இருந்தார்கள். மழை ஓசையில் பக்கத்து அறைக்கே எங்கள் குரல் கேட்டிருக்காது. ஜன்னல் இல்லை. சுவரின் உச்சியில் நான்கு காற்றுத் துவாரங்கள், நான்கையும் பலகை வைத்து மூடியிருந்தது. பச்சைக் காயிலிருந்து எழும்பிய ஆவி கண்ணைக் கரித்தது. இவ்வளவு நாளும் ஏலக்காய் வாசனை பாயசத்துக்குச் சொந்தமானது என்று நினைத்திருந்தேன். அந்த அறையில் அது மூக்கு வழியாக இறங்கித் தொண்டையை அடைத்தது. சுவரில் தொங்கிய வெப்பமானியில் ஐம்பதைத் தாண்டியிருந்தது.

"என்னாலதான்ணே," என்றேன். நிஜமாகவே அழுகை வந்தது. "என் வாய்க்குப் பூட்டுப் போட்டிருந்தா இந்தக் கதவுக்குப் போட்டிருக்க மாட்டான்."

"ஆமா, உன்னாலதான்," என்றார் அவர். ஆறுதல் சொல்லும் வழக்கம் அவருக்குக் கிடையாது. "சட்டையைக் கழட்டு. வேட்டியையும் கழட்டு. துணியோட நின்னா ரெண்டு மணி வரைக்கும் தாங்காது."

கழற்றினோம். கோவணத்தோடு ஈரச் சிமெண்டுத் தரையில், குழாய்ச் சூடு எட்டாத மூலையில், கதவடியில் வரும் துளிக் காற்றுக்கு மூக்கை வைத்துப் படுத்தோம்.

"கண்டக்டர் சோதனை போட்டது ரோமாபுரி முறையடா," என்றார் அவர். வெந்து சாகும்போதும் அவருக்கு இதுதான். "அங்க போலீஸ் கெடையாது. பொருளைப் பறி கொடுத்தவனே எதிராளி ஊட்டுக்குள்ள போய்த் தேடலாம். ஆனா எப்படிப் போகோணும்? இடுப்புல ஒரு துண்டு, ரெண்டு கைலயும் ஒரு தட்டு. வேற ஒண்ணும் ஆகாது."

"எதுக்குண்ணே? விருந்துக்கா?"

"துணி இருந்தா அதுக்குள்ள பொருளை ஒளிச்சுக் கொண்டு போய் அவனே வெச்சுப்போட்டு, கண்டெடுத்தேம்பான். கை ரெண்டும் தட்டுல இருந்தா கைக்குள்ளயும் மறைக்க முடியாது. நம்ம சட்டம் துணியைக் கழட்டச் சொல்லுல. பதிலுக்கு அக்கம்பக்கத்து மரியாதைப்பட்ட ஆளு ரெண்டு பேரு கூட இருந்து பார்க்கோணும்னு சொல்லுது. இவன் கம்பளியையும் கழட்டுல, சாட்சியையும் வாசலோட நிறுத்திப்போட்டான். ரெண்டு சட்டத்துலயும் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துட்டான்."

இன்னும் அரை மணி போயிருக்கும். தலை சுற்றியது. முகத்தைத் துடைக்க ஏதாவது கிடைக்குமா என்று எழுந்து என் ஓவர்கோட்டைத் தடவினேன். பாதி காய்ந்திருந்தது. உள் பையில் என் கை எதிலோ முட்டியது.

வெளியே எடுத்தேன். ஒரு துணிப் பொட்டலம். என்னுடையது அல்ல. ஆட்டினேன்.

கிலுகிலு.

என் உடம்பில் மிச்சமிருந்த வேர்வையும் அப்போது வந்துவிட்டது. "அண்ணே, நம்மளைக் கொல்றதுக்குப் பூட்டலை. பிடிச்சுக் கொடுக்கறதுக்குப் பூட்டியிருக்கான். போலீஸ் வந்து தொறந்தா, ஸ்டோருக்குள்ள ரெண்டு திருடன், பையில சரக்கு!"

"கையுங்களவுமாப் புடிபட்ட திருடனுக்கு அந்தக் காலத்துல தனித் தண்டனை," என்றார் ஈஸ்வரமூர்த்தி. "கசையடி குடுத்துப் பறிகொடுத்தவனுக்கே ஒப்படைச்சுருவாங்க. அடிமையா இருந்தா மலை உச்சியில இருந்து தள்ளிருவாங்க."

"இங்க மலைக்குப் பஞ்சமா என்ன! இந்தத் தட்டுலயெல்லாம் நானூறு கிலோ கெடக்குது. இதையும் அதுல கொட்டிக் கலந்துடுறேன். எவன் கண்டுபிடிப்பான்?"

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "கொட்டாதே. திருடனா இருந்தா அதைத்தான் செய்வான்." பொட்டலத்தை வாங்கி உள்ளங்கையில் வைத்து ஒருமுறை தூக்கிப் பார்த்தார். இன்னொரு முறை தூக்கிப் பார்த்தார். அந்தச் சூட்டிலும் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "காலியாக் கெடக்குற தட்டு ஒண்ணு எடு. துணியெல்லாம் அந்த மூலையில கெடக்கட்டும். எட்டிக்கூடப் பார்க்காதே."

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஜீப் ஹாரன் கேட்டபோது நான் தேவலோகத்து ஹாரன் என்றே நினைத்தேன். தாழ் திறந்தது. வெளிக்காற்று முகத்தில் அடித்தது. வாசலில் குமுளி எஸ்.ஐ., பக்கத்தில் ஏட்டு கபிரியேல், முன்னால் செல்லத்துரை. வாட்ச்மேன் குருவம்மாளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து தாழ்வாரத்தில் நிறுத்தியிருந்தான்.

"பார்த்துக்கங்க சார், காய் திருட வந்த ரெண்டு பேர். உள்ள நுழைஞ்சதும் பூட்டிட்டேன்..." என்று ஆரம்பித்த செல்லத்துரை அப்படியே நின்றார்.

ஈஸ்வரமூர்த்தி கோவணத்தோடு, இரண்டு கையிலும் கம்பிவலைத் தட்டை ஏந்திக்கொண்டு, கும்பாபிஷேகத்துக்குத் தீர்த்தம் கொண்டு போகிறவரைப் போல நிதானமாக வெளியே வந்தார். தட்டில் அந்தப் பொட்டலம். பின்னால் நான், கோவணம் மட்டும்.

"எந்தா இது?" என்றார் எஸ்.ஐ. "துணி எவிடே?"

"உள்ள மூலையில கெடக்குதுங்க சார். நான் தனியார் துப்பறிவாளர், பேரு ஈஸ்வரமூர்த்தி. இந்தப் பொட்டலம் இவன் கோட்டுப் பையில இருந்துதுங்க. கோட்டைத் தன் தோள்மேல போட்டுட்டு வந்து குடுத்தவரு இந்தக் கண்டக்டருங்க."

"கேட்டீங்களா சார்! கோட்டுல இருந்துச்சுன்னு அவரே ஒத்துக்கிட்டார்!" என்றார் செல்லத்துரை.

"உள்ள நானூறு கிலோ ஏலக்காய் பரப்பிக் கெடக்குதுங்க. திருடுனவன் அதுல கொட்டாம, தட்டுல வெச்சு போலீஸ்கிட்டக் கொண்டு வருவானுங்களா?"

எஸ்.ஐ. கண்டக்டரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். சிரிக்கக் கூடாதென்று மீசையைக் கடித்துக்கொண்டிருந்தார் என்று எனக்குப் பட்டது. "பின்னே என்ன வேணும்?"

"குருவம்மா ஊட்டுல கண்டெடுத்த பொட்டலத்தைக் கொண்டாரச் சொல்லுங்க. அது கிலுகிலுத்துதுங்க. காலையில நானே கேட்டேன். அவ ஊட்டு ஈரத்துல ஏழு நாளு இருந்த காய் கிலுகிலுக்காதுங்க."

செல்லத்துரை பெட்டியை எடுத்து வந்தார். அவசரமே இல்லை. நீலக் கரைத் துணிப் பொட்டலத்தை எஸ்.ஐ.யின் கையில் கொடுத்தார். எஸ்.ஐ. ஆட்டினார். சத்தமே இல்லை. பிரித்தார். காய்கள் தொய்ந்து, நமுத்து, விரலுக்கு மெத்தென்று இருந்தன.

"ஈரத்துல இருந்த காய் ஈரமாத்தான் இருக்கும் சார்," என்றார் செல்லத்துரை. "இவங்க எந்தச் சத்தத்தைக் கேட்டாங்களோ."

பத்து நிமிஷம் சாயா போட்ட நேரத்தில் மாற்றியிருக்கிறான், படுபாவி. எங்கள் கையிலிருந்த ஒரே துப்பும் போய்விட்டது. தாழ்வாரத்தில் குருவம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஈஸ்வரமூர்த்தி மட்டும் தட்டை இறக்கவில்லை. "சரிங்க சார். மகஸர்ல என்ன எடை எழுதியிருக்குதுங்க?"

எஸ்.ஐ. காகிதத்தைப் பார்த்தார். "துணி நீக்கி நானூற்று முப்பது கிராம்."

"வேற ஆரா இருந்தாலும் ஒரு பொட்டலம்னு எழுதிட்டு விட்டுருப்பாங்க. இவரு இருபது வருஷம் ஸ்டோர்ல இருந்தவரு. ஏலக்காய் கைல பட்டாத் தராசுல வெக்காம இருக்க முடியாதுங்க. துணியைக் கழிச்சு வேற எழுதியிருக்கறாரு. அதோ தராசு. போட்டுப் பாருங்க."

ஏட்டு கபிரியேல் ஈரக் காயைத் துணியிலிருந்து கொட்டித் தராசுத் தட்டில் வைத்தார். எடைக்கல் ஏறிக்கொண்டே போனது. அறுநூற்றுப் பத்து கிராம்.

"பெட்டியில பூட்டி வெச்ச காய் மூணு நாள்ல நூத்தியெண்பது கிராம் பெருத்துப் போச்சுங்க," என்றார் ஈஸ்வரமூர்த்தி. "பொட்டலம் பார்க்க அதே பருமனா இருக்கோணும்னு பாதி காஞ்ச காயை அள்ளிக் கட்டியிருக்கறாரு. ஈரக் காய் கனக்கும்னு இவருக்கா தெரியாது? அவசரத்துல நெறுத்துப் பார்க்குல. இனி என் தட்டுல இருக்கறதைப் போடுங்க."

கபிரியேல் அதையும் துணியிலிருந்து கொட்டிப் போட்டார். ஊசி ஆடி ஆடி நின்றது. நானும் எட்டிப் பார்த்தேன்.

நானூற்று முப்பது கிராம்.

மகஸரில் இருந்த எடை என் கோட்டுப் பையில் இருந்து வந்திருக்கிறது. முதல் தரக் காயை வெளியே கொட்ட அந்த ஸ்டோர்காரன் கைக்கு மனசு வரவில்லை. அதையே எடுத்து என்மேல் திருட்டுப் பழி போட உபயோகித்துவிட்டான். செல்லத்துரையின் கை காதுக்குப் போனது. பென்சில் அங்கே இல்லை.

"ஒரு ஸ்திரீயை மூணு நாள் அடைச்சு வச்சது ஒண்ணு. இவங்களை அடைச்சது ரெண்டு. கள்ள மகஸர் மூணு," என்றார் எஸ்.ஐ. "கபிரியேலே, ஆளைப் பிடி."

நான் சந்தோஷத்தில் ஈஸ்வரமூர்த்தியைக் கட்டிப்பிடிக்கப் போனேன். அவர் தட்டால் தடுத்தார். எங்கள் இருவர் உடையும் அதற்கு உகந்ததாக இல்லை. நான் உள்ளே ஓடிப் போய் வேட்டிகளை எடுத்து வந்தேன்.

எஸ்.ஐ. குருவம்மாளிடம் குனிந்தார். "எழுந்திரு அம்மா. உன்மேல் கேஸ் இல்லை. நாளைக்குக் கோர்ட்டில் பயப்படாமல் சொல்லு. கல்லை நகர்த்தினதைப் பார்த்தாய்தானே?"

குருவம்மாள் எழுந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"பார்க்கலைங்கய்யா."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவ்வளவு வேர்வை சிந்தியதெல்லாம் இதற்குத்தானா என்று வாயைத் திறந்தேன். ஈஸ்வரமூர்த்தி கையமர்த்தினார்.

"பார்க்கலை. இழுத்தேன்," என்றாள் அவள். "விடியக்காலம் கண்டக்டரு கூப்புட்டாக. அவுக கடப்பாரையால நெம்புனாக. கல்லுல கயித்தைக் கட்டி என் தோள்ல குடுத்தாக. எழுவது அடி நான்தான் இழுத்தேன். எஸ்டேட்டு வேலைன்னு நெனச்சேன். அது சாந்தம்மா பூமின்னு மறுநாள் அவ வந்து அழுவையிலதான் எனக்குத் தெரிஞ்சுது. வக்கீலய்யாகிட்ட அதைச் சொல்ல வாய் வரலை, பார்த்தேன்னு சொல்லிட்டேன். கோர்ட்டுல சாமி பேரால அப்படிச் சொல்ல முடியுமா? இந்த மூணு நாளும் அதத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

காலையில் அவள் பதில் சொல்லாமல் உள்ளே போனதற்கு நான் கோபப்பட்டதை நினைத்து வெட்கமாக இருந்தது.

ஈஸ்வரமூர்த்தி வேட்டியைக் கட்டிக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றார். "அம்மா, ஒண்ணு சொல்லீர்றனுங்க. சர்வேக் கல்லை நகர்த்துனா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயிலுங்க. நெம்புனவருக்கும் அதுதான், இழுத்தவங்களுக்கும் அதுதான். தெரியாமச் செஞ்சேன்னு சொல்லலாம். கோர்ட் நம்பும்னு நான் வாக்குக் குடுக்க முடியாதுங்க."

"உங்க ரோமாபுரியில என்னய்யா செய்வாக?"

அவர் தயங்கினார். நான் பார்த்து அவர் ரோமாபுரியைப் பற்றிப் பேசத் தயங்கியது அந்த ஒரு தடவைதான். "எல்லைக் கல்லை உழுது பேர்த்தவனைச் சபிச்சு ஒதுக்கி வெச்சிருவாங்க. ஆரு வேணா அவனைக் கொல்லலாம். ஏர் இழுத்த மாட்டுக்கும் அதே சாபந்தானுங்க."

"மாட்டுக்குமா?"

"ஆமாங்க."

"நான் அந்த மாடுதான்யா," என்றாள் குருவம்மாள். "ஆனா மாடு கோர்ட்டுக்குப் போயி, என் தோள்ல கயித்தைக் கட்டுனது இன்னாருன்னு சொல்லாது. நான் சொல்லுவேன்."

செல்லத்துரை தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். கபிரியேல் அவர் தோளை அழுத்தித் திருப்பி ஜீப்புக்குக் கூட்டிப் போனார்.

மழை குறைந்திருந்தது. வாட்ச்மேன் கேட்டுச் சங்கிலியை அவிழ்த்தான். பீர்மேட்டுக்கு இப்போதே கிளம்பினால்தான் இருட்டுமுன் போய்ச் சேரலாம் என்று சொல்லி, எஸ்.ஐ. தன் முன் சீட்டைக் காட்டி, "ஏறு அம்மா," என்றார்.

குருவம்மாள் ஏறவில்லை. "அய்யா, நான் இப்ப சாட்சியா, கைதியா?"

எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறினார். "அது நாளைக்கு நீ சொல்றதைப் பொறுத்துத்தான்."

"சொல்லத்தான் போறேன்," என்று அவள் முன் சீட்டைத் தாண்டிப் போய், ஜீப்பின் பின்பக்கம், செல்லத்துரைக்கு எதிரில் இருந்த பலகையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.